பேட்ச் வைப்பதா, வளர விடுவதா: சிறுத்த அயோர்ட்டாவுக்கு இரண்டு ஆபரேஷன்கள்

மகள் பிறந்த 9-வது நாள் கோஆர்க்டேஷன் என்றார்கள். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாயான அயோர்ட்டா ஓரிடத்தில் நெருக்கிப் போயிருந்தது, அதற்கு முந்தைய வளைவும் சிறுத்திருந்தது. பலூன் வைத்து விரிக்க முடியாதா என்று கேட்டோம். பச்சைக் குழந்தைக்கு அது பெரும்பாலும் மறுபடி சுருங்கிவிடுமாம். சரி, ஆபரேஷன்தான், ஆனால் எது?

ஒன்று, இடது விலாவுக்கு நடுவே திறந்து, நெருக்கிய துண்டை வெட்டியெடுத்து, வளைவின் அடிப்பக்கத்தைக் கீறி, கீழ்க்குழாயை மேலே இழுத்து நேரடியாகத் தைப்பது. பொதுவாக ஹார்ட்-லங் மெஷின் வேண்டியதில்லை. இன்னொன்று, நடுநெஞ்சைத் திறந்து, மெஷினில் போட்டு, வளைவு நெடுக பேட்ச், அதாவது ஒட்டுத்துண்டு, வைத்து அகலமாக்குவது. தழும்பு, ஐசியூ நாட்களையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், அதை விடுங்கள்.

நாங்கள் பிடித்துக்கொண்டது ஒரே கேள்வியை: எது குழந்தையோடு சேர்ந்து வளரும்? கருவில் இருக்கும்போது கீழ் உடம்புக்கான ரத்தத்தில் பெரும்பகுதி டக்டஸ் (நுரையீரல் குழாயை அயோர்ட்டாவோடு இணைக்கும் சிறு குழாய்) வழியாகவே போய்விடுகிறது, அதனால் வளைவின் கடைசிப் பகுதிக்கு ஓட்டம் ரொம்பக் குறைவு. நெருக்கலும் சேர்ந்தால் இன்னும் மோசம், வேலையில்லாத குழாய் சிறுத்தே கிடக்கிறது. நெருக்கலை எடுத்துவிட்டால் ஓட்டம் முழுசாக வரும், அதற்கேற்ப சொந்தச் சுவர் விரிந்து வளரும். பேட்ச் வளராது. அந்தக் காலத்துச் செயற்கைத் துணிப் பேட்ச்களில் பல வருடம் கழித்து எதிர்ச்சுவர் புடைத்துக்கொண்டதும் உண்டு. அதனால் எங்கள் சாய்வு விலா வழிதான்.

அதற்காக எல்லோருக்கும் இதுவே என்று சொல்லிவிட முடியாது, நான் பார்த்தது ஒரு குழந்தையைத்தான். டாக்டர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: கிலோ எடையோடு ஒன்றைக் கூட்டி, வளைவு அத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிறுத்தது. இவள் எடை 2.9, வளைவு 3.6, வரம்புக்குச் சற்றே கீழே. அதைவிட ரொம்பச் சிறுத்திருந்தாலோ, இதயத்தில் ஓட்டையையும் சேர்த்து அடைக்க வேண்டியிருந்தாலோ பேட்ச்தான் சரி, அப்போது வளரட்டும் என்று காத்திருப்பது ஆபத்து.

எங்கள் வழியிலும் தையல் இடம் திரும்ப நெருக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் அந்த நெருக்கலுக்கு பலூன் நன்றாகவே வேலை செய்கிறது என்பது ஒரு தைரியம். அந்த நெருக்கலைக் கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொரு முறையும் வலது கையிலும் காலிலும் பிரஷர் பார்ப்பது. கையில் 20-க்கு மேல் கூடுதலாக இருந்தால் சந்தேகம். ஒரு வயதில் எக்கோவில் வளைவு 7.5. போன மாதம் கையில் 92, காலில் 95. காலில் கட்டிய பட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு நர்ஸிடமே நீட்டினாள்.