வாசலுக்கு எரிமலைக் கல்லா, மணற்கல்லா?

வாசலுக்கும் கார் போர்ச்சுக்கும் கல் பதிக்கலாம் என்று பினாங்கில் கல் கடைக்குப் போனால், ஒரு பக்கம் கருஞ்சாம்பல் நிறத்தில் எரிமலைக் கல் (இந்தோனேசியாவிலிருந்து வருவதை 'பாத்து சண்டி' என்பார்கள்), இன்னொரு பக்கம் வெளிர் மஞ்சளும் இளஞ்சிவப்புமாய் மணற்கல். பார்த்ததும் மனசு மணற்கல் பக்கம்தான் போகும், எனக்கும் அப்படித்தான். ஆனால் மழை படுகிற இடம், அதுவும் கடலோரம் என்றால், எரிமலைக் கல்லையே வாங்குங்கள். காரணம் இரண்டும் உருவான விதத்திலேயே இருக்கிறது.

எரிமலைக் குழம்பு வெளியே வந்து வேகமாக ஆறும்போது அதிலுள்ள கனிமங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே படிகமாகின்றன. சீக்கிரம் ஆறுவதால் படிகங்கள் பொடிப்பொடியாக, பெரும்பாலும் கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அளவில் இருக்கும். பசால்ட், ஆண்டிசைட் இரண்டும் இந்த வகை. பசால்ட்டில் சிலிக்கா 45 முதல் 52 விழுக்காடு; ஆண்டிசைட்டில் அதைவிடக் கூடுதல், நிறமும் கொஞ்சம் வெளுப்பு. மணற்கல் வேறு. ஆறோ கடலோ காற்றோ கொண்டுவந்து போட்ட மணல் அடுக்கடுக்காகப் படிந்து அமுங்கி, மணிகளுக்கு நடுவே சிலிக்காவோ சுண்ணாம்போ இரும்புத் துருவோ களிமண்ணோ சேர்ந்து ஒட்டி இறுகியது அது. கடலை உருண்டையில் பாகு பதம் தப்பினால் கடலை உதிருமே, அதே கதைதான் இங்கேயும்: மணல் எவ்வளவு கெட்டி என்பதைவிட அதைப் பிடித்திருப்பது எது என்பதுதான் கேள்வி.

கடையிலேயே பார்த்துவிடலாம். மெருகு போடாத, மேல்பூச்சு இல்லாத துண்டாகக் கேட்டு வாங்கி, இரண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எரிமலைக் கல்லில் சொட்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். மணற்கல்லில் சுற்றிலும் கறுப்பாக ஒரு வட்டம் பரவி, சொட்டு உள்ளே போய்விடும். அப்புறம் மணற்கல்லின் வெட்டு விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள், விரலில் மணல் ஒட்டினால் அந்தக் கல் வேண்டாம். வினிகர் விட்டு நுரை வந்தால் உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம், பாத்ரூம் கழுவுகிற அமிலம் பட்டாலே அரிக்கும்.

எரிமலைக் கல்லில்தான் ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, தண்ணீர் புகாதா என்று கேட்பீர்கள். அவை குழம்பில் இருந்த வாயுக் குமிழிகளின் தடம். பெரும்பாலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, அதனால் தண்ணீர் மேலோடு நின்றுவிடும். மணற்கல்லில் மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் ஒன்றோடொன்று இணைந்தவை, ஈரம் உள்ளே நடமாடும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊரில் அந்த ஈரம் காய நேரமே கிடைக்காது, பாசி பிடிக்கும். பாசியைப் போக்க வாட்டர் ஜெட் அடித்தால் மணலும் சேர்ந்து பெயரும்.

பினாங்கில் கடலை ஒட்டிய தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி பக்கம் உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை உப்பு. கடல் காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் போய், வெயிலில் காயும்போது உள்ளேயே படிகமாகி, மணிகளை ஒன்றைவிட்டு ஒன்று தள்ளும். முதலில் வெள்ளைப் பூப்பு தெரியும், பிறகு செதில் செதிலாக உரியும். சரவாக்கின் பாக்கோ தேசியப் பூங்காவில் கடலோர மணற்பாறை குழி குழியாக அரிக்கப்பட்டு நிற்பதில் உப்புக்கும் பெரிய பங்கு உண்டு. அங்கே அது அழகு, நம் வாசற்படியில் அழகு இல்லை.

அதற்காக மணற்கல் என்றாலே சோப்ளாங்கி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லங்காவியின் மச்சிஞ்சாங் மலையில் கேபிள் கார் ஏறிப் பார்க்கிற பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மணற்பாறைகள், மலேசியாவிலேயே மிகப் பழையவற்றில் சேர்த்தி. காஞ்சி கைலாசநாதர் கோயிலோ 8ஆம் நூற்றாண்டில் எழுந்தது, அதன் மணற்கல் சிற்பங்கள் பல அரித்துப்போய் மேலே சுதை பூசி ஒப்பேற்றப்பட்டிருக்கின்றன. பெயர் ஒன்றுதான், கல்லுக்குக் கல் தரம் வேறு. ஆனால் அந்தச் சிற்பங்களின் நளினம் மணற்கல் உளிக்கு இணங்குவதால் கிடைத்தது, அதை மறுக்கவே முடியாது.

எரிமலைக் கல்லுக்கு உதாரணமாக ஜாவாவின் போரோபுதூர் பௌத்தக் கோயில் இருக்கிறது, 9ஆம் நூற்றாண்டு, முழுக்க ஆண்டிசைட். அங்கேயும் பாசி பிடிக்கிறது. 1975இல் தொடங்கிய பெரிய சீரமைப்புக்கு முக்கியக் காரணமே உள்ளே தேங்கிய தண்ணீர்தான். அதனால் எந்தக் கல்லைப் போட்டாலும் கீழே வாட்டம் சரியாக இருந்து தண்ணீர் கானுக்கு ஓட வேண்டும், இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

எரிமலைக் கல்லில் எனக்குப் பிடிக்காதது சூடு. மத்தியான வெயிலில் கறுப்புத் தரையில் வெறுங்காலில் நிற்க முடியாது, கோலம் போடுகிற வாசல் என்றால் மேலே கூரை நீட்டிவிடுங்கள். மெருகு போட்டதை மழை படும் இடத்துக்கு வாங்கவே கூடாது, வழுக்கும். வயசானவர்கள் இருக்கிற வீட்டில் சொரசொரப்பாக விட்டதே நல்லது.

மணற்கல் ஆசை விடவில்லையா, பூசையறைச் சுவருக்கும் ஹாலுக்கும் தாராளமாகப் போடுங்கள், மஞ்சள் வெளிச்சத்தில் அதன் அடுக்குக் கோடுகள் பிரமாதமாக இருக்கும். வெளியே தூணுக்கோ மதிலுக்கோ போட்டே ஆக வேண்டும் என்றால், அடுக்குகள் படிந்தபடியே கிடைமட்டமாக வரும்படி வைக்கச் சொல்லுங்கள். செங்குத்தாக வைத்தால் ஏடு ஏடாகப் பிரிந்து விழும், பல மேஸ்திரிகள் இதைக் கவனிப்பதில்லை.