அரசனின் கேடயம்: ‘எபிசோட் கிளாடியோலஸ்’ கேம் மதிப்புரை

‘ஃபைனல் ஃபேண்டஸி 15’ கேமை முதன்முறை விளையாடி முடித்தபோது, அதில் வரும் நான்கு நண்பர்களில் எனக்குக் கொஞ்சமும் ஒட்டாமல் போனவன் கிளாடியோலஸ் அமிசிட்டியாதான். முரட்டு உடம்பு, பெரிய வாள், எடுத்ததற்கெல்லாம் அதட்டல் என்று அவனை ஒரே வரியில் ஒதுக்கிவைத்திருந்தேன். அவனுக்கென்றே தனியாக வெளிவந்த ‘எபிசோட் கிளாடியோலஸ்’ என்ற கூடுதல் அத்தியாயத்தையும் சேர்த்து இரண்டாம் முறை விளையாடிய பிறகு அந்த எண்ணம் தலைகீழாக மாறிவிட்டது. அரசனைக் காப்பதாக உறுதி பூண்ட ஒரு வாள்வீரனின் மனத்தைக் கன்ட்ரோலரின் ஒரே ஒரு பட்டன் வழியாக இவ்வளவு நெருக்கமாக உணரவைத்த வேறு கேமை நான் விளையாடியதில்லை. கதையின் முக்கியமான திருப்பங்களைச் சொல்லாமல் இதைப் பற்றி எழுத முடியாது. கதை தெரியாமல் விளையாட விரும்புபவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வேறொரு பெயரில் அறிவித்த இந்த கேம், 2013இல் பெயர் மாறி, 2016 நவம்பர் 29 அன்று பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கு வெளியானது. கிளாடியோலஸின் அத்தியாயம் 2017 மார்ச் 28 அன்று வந்தது. கூடுதல் அத்தியாயங்களையும் உள்ளடக்கிய ‘ராயல் எடிஷ’னும், கணினிக்கான ‘விண்டோஸ் எடிஷ’னும் 2018 மார்ச் 6 அன்று வெளிவந்தன.

கதை நடப்பது லூசிஸ் என்ற கற்பனை நாட்டில். தலைநகர் இன்சோம்னியா, அரசர் ரெஜிஸ், இளவரசன் நாக்டிஸ். அமிசிட்டியா குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக லூசிஸ் அரசர்களைக் காப்பவர்கள். அந்தப் பதவிக்கு ‘ஷீல்டு’ என்று பெயர். இதை மெய்க்காப்பாளர் என்று தமிழில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அப்படிச் சொன்னால் பாதிப் பொருள் நழுவிவிடுகிறது. மெய்க்காப்பாளர் என்பது ஒருவர் ஏற்றுக்கொள்ளும் வேலை. நாளை இன்னொருவரிடமும் அதே வேலையைப் பார்க்கலாம். ஷீல்டு என்றால் கேடயமேதான். அரசன் யாரோ அவனுக்காகவே வளர்க்கப்பட்டு, அவன் மேல் விழ வேண்டிய அடியைத் தன் மேல் வாங்குவதையே வாழ்க்கையாகக் கொண்டவன். கிளாடியோலஸின் தந்தை கிளாரஸ் அரசர் ரெஜிஸின் கேடயமாக இருந்தவர். இன்சோம்னியா வீழ்ந்த அன்று தம் அரசரோடு சேர்ந்து அவரும் உயிரை விட்டார். மகனுக்கு வாய்த்த பெயரிலும் இந்தக் கடமை பதிந்திருக்கிறது. கிளாடியோலஸ் என்பது ஒரு பூவின் பெயர். லத்தீனில் அதற்குச் சிறு வாள் என்று பொருள். அமிசிட்டியா என்றால் நட்பு. அவனுடைய தோளிலும் மார்பிலும் கைகளிலும் விரியும் கழுகுப் பச்சைக்குத்து, இந்தக் கடமையை ஏற்றவன் என்பதற்கான அடையாளம்.

மூல கேமில் நாம் நாக்டிஸாக விளையாடுகிறோம். கிளாடியோலஸ் கூடவே வருகிறான். அவனுடைய பெருவாள் மெதுவாகச் சுழன்றாலும் சுற்றி நிற்கும் பகைவர்களை ஒரே வீச்சில் சாய்க்கிறது. ‘டெம்பெஸ்ட்’ என்ற அவனது தாக்குதல், கூட்டமாக மொய்க்கும் எதிரிகளிடமிருந்து தப்ப எனக்குப் பலமுறை கைகொடுத்தது. சண்டை இல்லாத நேரத்தில் அவன் கூடாரம் போடுவதில் கெட்டிக்காரன். வழியில் பயனுள்ள பொருள்களைக் கண்டெடுக்கும் அவனது ‘சர்வைவல்’ திறன் நாம் நடக்க நடக்கக் கூடுகிறது. கப் நூடுல்ஸ் என்றால் அவனுக்கு உயிர். அதற்கென்றே ஒரு துணைக் கதையும் உண்டு. விளம்பர உடன்பாட்டுக்காகச் சேர்க்கப்பட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தாலும், அந்தப் பெரிய உடம்பு நூடுல்ஸ் கோப்பையைக் கையில் ஏந்தி அவ்வளவு பரவசமாகப் பேசுவதை எனக்கு வெறுக்கத் தோன்றவில்லை.

அவன் நாக்டிஸை ஏன் ஏற்றுக்கொண்டான் என்பதற்கு, இந்த கேமை ஒட்டி வெளியான குறுந்தொடர் ஒன்றில் அழகான விடை இருக்கிறது. சிறு வயதில் இளவரசனைப் பார்த்தாலே அவனுக்குப் பிடிக்காது. பயிற்சியில் சுணங்கும் சோம்பேறி என்றுதான் நினைத்திருந்தான். ஒருநாள் அவன் தங்கை ஐரிஸ் அரண்மனையை விட்டுத் தெரியாமல் வெளியே போய்விட, அவளைத் தேடிக் கண்டுபிடித்த நாக்டிஸ், தானே அவளை அழைத்துப் போனதாகச் சொல்லித் திட்டு முழுவதையும் தான் வாங்கிக்கொள்கிறான். காப்பாற்ற வேண்டியவனே தன் தங்கையைக் காப்பாற்றியதை அறிந்த பிறகுதான் கிளாடியோலஸுக்கு அவன் மேல் மதிப்பு பிறக்கிறது.

இப்படிப்பட்டவனை மூல கேம் சரியாகக் காட்டவில்லை என்பதே என் முதல் குறை. 6ஆவது அத்தியாயத்தின் இறுதியில் எதிரி நாட்டுப் படைத்தலைவன் ரேவஸ் நாக்டிஸை நெருங்கும்போது கிளாடியோலஸ் குறுக்கே பாய்கிறான். ரேவஸ் அவனை ஒரு துரும்பைப் போலத் தள்ளி எறிகிறான். வேறொருவர் வந்து தடுத்ததால்தான் இளவரசன் தப்புகிறான். அடுத்த அத்தியாயத்தில் கிளாடியோலஸ் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லி நண்பர்களை விட்டுப் பிரிகிறான். 8ஆவது அத்தியாயத்தில் நெற்றியில் புதிய தழும்போடு திரும்பி வருகிறான். எங்கே போனான், அந்தத் தழும்பு யார் வாளால் வந்தது என்பதையெல்லாம் மூல கேம் தாண்டிப் போய்விடுகிறது. தன் வேலையில் முதன்முறையாகத் தோற்றுப்போன ஒருவன் அந்த அவமானத்தோடு என்ன செய்தான் என்பதுதான் அவன் கதையின் உயிர்நாடி. அதை வெட்டி எடுத்துத் தனியாக விற்றது தவறு என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

அதன் விளைவு 10ஆவது அத்தியாயத்தில் வெளிப்படையாகத் தெரியும். நாக்டிஸுக்கு மணப்பெண்ணாக வர வேண்டிய லூனஃப்ரேயா இறந்துவிட்டாள். நான்கு நண்பர்களில் ஒருவனான இக்னிஸுக்குப் பார்வை போய்விட்டது. நாக்டிஸ் ரயிலில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். கிளாடியோலஸ் அவன் சட்டையைப் பற்றி இழுத்து, அரச மோதிரத்தை இன்னும் ஏன் அணியவில்லை என்று கத்துகிறான். முதல்முறை இந்தக் காட்சியில் எனக்கு அவன் மேல் கோபம்தான் வந்தது. அடுத்து வரும் கார்ட்டானிகா சுரங்கத்தில் நண்பர்கள் மெதுவாக நடக்கிறார்கள். கைத்தடியை ஊன்றித் தடவித் தடவி வரும் இக்னிஸை விட்டு நாம் நாலடி முன்னே போய்விட்டால், உடனே பின்னாலிருந்து கிளாடியோலஸின் அதட்டல் வருகிறது. அப்போது எரிச்சலூட்டிய அதே குரல், கூடுதல் அத்தியாயத்தை முடித்துவிட்டு வந்து கேட்டபோது வேறாக ஒலித்தது. தான் தோற்ற இடத்திலிருந்து எழுந்து நடந்து வந்தவன், தன் அரசனும் அப்படி எழ வேண்டும் என்று துடிக்கிறான். கனிவாகச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கூடுதல் அத்தியாயத்தில் கிளாடியோலஸ் செல்வது டேல்பார் என்ற ஆழமான பள்ளத்தாக்குக்கு. உடன் வருபவர் கோர் லியோனிஸ், ‘சாகாதவர்’ என்று பெயர் பெற்ற லூசிஸ் நாட்டுத் தளபதி. பள்ளத்தாக்கின் கடைசியில் காத்திருப்பவன் கில்கமெஷ், லூசிஸின் முதல் அரசனுக்குக் கேடயமாக இருந்தவன். பல நூற்றாண்டுகளாக அங்கே தங்கி, அரசனைக் காக்கத் தகுதி உண்டா என்று வருபவர்களைச் சோதிக்கிறான். சோதனையில் தோற்று மாண்டவர்களே அடுத்து வருபவனை எதிர்த்து நிற்கிறார்கள். இதுவரை உயிரோடு திரும்பியவர் கோர் ஒருவரே. 15 வயதில் துணிச்சலோடு இறங்கிய அவர், கில்கமெஷின் ஒரு கையை வெட்டிவிட்டு வந்தார், ஆனாலும் வெல்லவில்லை. இடையிடையே தீ மூட்டி ஓய்வெடுக்கும் இடங்களில் அவர் இதைச் சொல்லும் தொனி எனக்கு மிகவும் பிடித்தது. சாகாதவர் என்ற பட்டத்தை அவர் ஒரு பெருமையாகவே சொல்வதில்லை. தோற்றும் உயிரோடு விடப்பட்டவரின் பாரம் அந்தப் பேச்சில் இருக்கிறது.

சண்டை முறையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நாக்டிஸாக விளையாடும்போது ஆபத்து வந்தால் மாயமாய் மறைந்து வேறிடத்தில் தோன்றலாம். விலகுவதுதான் அவனுடைய பாணி. கிளாடியோலஸுக்கு அந்த வசதி இல்லை. அவனிடம் இருப்பது தடுக்கும் பட்டன். எதிரியின் அடியைக் கேடயத்தில் வாங்க வாங்க, அவன் வாளின் வலிமை பெருகிக்கொண்டே போகிறது. பிறகு திருப்பி அடிக்கும்போது திரையில் இன்னொரு அளவுக்கோடு நிரம்பி, அவனுடைய தனித் தாக்குதல்களுக்கு வழி திறக்கிறது. அடி வாங்காமல் வலிமை கிடையாது. அரசனின் கேடயம் என்ற பதவிக்கு இதைவிடப் பொருத்தமான சண்டை முறையை வடிவமைத்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. போதாக்குறைக்கு, அங்கே நிற்கும் கல்தூண்களைப் பெயர்த்தெடுத்து எதிரிகள் மேல் வீசிச் சுழற்றலாம். அதில் கிடைக்கும் மகிழ்ச்சி தனி.

கில்கமெஷோடு நான் போட்ட சண்டையை இன்னும் மறக்கவில்லை. முதல் மூன்று முறையும் நாக்டிஸாக விளையாடிய பழக்கத்தில் உருண்டு உருண்டு விலகிக்கொண்டிருந்தேன். மூன்று முறையும் தோற்றேன். நான்காவது முறை, விலகுவதில்லை என்று முடிவெடுத்து, தடுக்கும் பட்டனில் விரலை வைத்தபடி அவன் தோள் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். வாள் கேடயத்தில் மோதும் அந்தக் கணத்தில் கன்ட்ரோலர் உள்ளங்கையில் அதிர்ந்தது. இரண்டாவது அடி, மூன்றாவது அடி. பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பிறகு திருப்பி ஒரு வீச்சு. அவனுடைய உயிர்க்கோடு அதுவரை நான் பார்த்திராத அளவுக்குக் குறைந்தது. ரேவஸ் தள்ளியபோது கிளாடியோலஸுக்கு எது இல்லாமல் போயிற்றோ, அதைத் தேடித்தான் அவன் இவ்வளவு தூரம் வந்தான் என்பது அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. நெற்றித் தழும்பும் இந்தச் சண்டையில் கிடைத்ததுதான்.

இசையைச் சொல்லாமல் விடக் கூடாது. இந்த அத்தியாயத்துக்குக் கெய்ச்சி ஒகாபே இசையமைத்திருக்கிறார். கில்கமெஷ் என்றதும் பழைய ஆட்டக்காரர்களுக்கு நினைவுக்கு வரும் மெட்டு, 1992இல் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 5’ கேமுக்காக நொபுவோ உவெமாட்சு அமைத்தது. அந்தத் துள்ளலான மெட்டை ஒகாபே இங்கே கனமாக்கி, ஒரு மாவீரனின் இறுதிப் போருக்கு ஏற்றதாக மாற்றியிருக்கிறார். சண்டையின் நடுவே அது எழும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

குறைகள் உண்டு. கதை ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பாதையில் கிளைகள் இல்லை. ஒரு குறுகலான வழியில் ஒரே மாதிரியான எதிரிகளை வெட்டிக்கொண்டே போக வேண்டும். இடுக்கான இடங்களில் கேமரா பாறைக்குள் சிக்கி, அடிப்பவன் எங்கே நிற்கிறான் என்பதே தெரியாமல் போகிறது. தடுப்பதையே நம்பியிருக்கும் சண்டைமுறையில் இது சிறிய குறையன்று. கதையை முடித்த பின் திறக்கும் ‘ஃபைனல் டிரையல்’ இதற்கெல்லாம் ஓரளவு ஈடு செய்கிறது. அதில் எதிர்த்து நிற்பவர் கோர். அவர் வாளின் வேகத்துக்கு முன்னால் கில்கமெஷ் எவ்வளவோ தேவலை.

கதை முழுவதும் முடியும் இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உலகம் இருளில் மூழ்கிப் பத்து ஆண்டுகள் கழித்து நாக்டிஸ் திரும்பி வருகிறான். விடியல் பிறக்க வேண்டுமானால் அவன் உயிரைக் கொடுக்க வேண்டும். அரண்மனைப் படிகளில் நின்று மூன்று நண்பர்களும் அவனை வழியனுப்புகிறார்கள். பூதங்கள் திரண்டு வர, வெளியே அவற்றைத் தடுத்து நிற்பது அவர்களுடைய வேலை. கிளாடியோலஸ் தன் அரசனைப் பின்தொடர்ந்து உள்ளே போவதில்லை. பிறந்ததிலிருந்து குறுக்கே பாயப் பழகியவன், இந்த ஒரு முறை விலகி வழிவிடுகிறான். தந்தைக்கு அரசரோடு சேர்ந்து இறக்கும் வாய்ப்பாவது இருந்தது; மகனுக்கு அதுவும் இல்லை. டேல்பாரில் அவன் நிற்கக் கற்றுக்கொண்டதைக் கூடவே இருந்து பார்த்த எனக்கு, இந்தப் படிக்கட்டுக் காட்சியில் கண் கலங்கிவிட்டது. முதல்முறை விளையாடியபோது இதே காட்சியை நான் சாதாரணமாகப் பார்த்துவிட்டுக் கடந்திருந்தேன்.

இப்போது வாங்குபவர்கள் மூல கேமை மட்டும் வாங்காமல் ராயல் எடிஷனையோ விண்டோஸ் எடிஷனையோ வாங்குவது நல்லது. கிளாடியோலஸின் அத்தியாயம் அவற்றிலேயே அடங்கியிருக்கிறது. தமிழ் வசன வரிகள் கிடையாது. ஆங்கிலக் குரலும் ஜப்பானியக் குரலும் உண்டு. அத்தியாயத்தை முகப்புத் திரையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்றாலும் முதலிலேயே தொடங்கிவிடாதீர்கள். மூல கேமில் 7ஆவது அத்தியாயத்தை முடித்து, கிளாடியோலஸ் இல்லாத வெறுமையைக் கொஞ்சம் உணர்ந்து, 8ஆவது அத்தியாயத்தில் அவன் தழும்போடு திரும்பியதும் சேமித்துவிட்டு வெளியே வந்து டேல்பாருக்குச் செல்லுங்கள். முடித்தால் ‘கெஞ்சி பிளேடு’ என்ற பெருவாள் மூல கேமில் கிடைக்கும். அதை அவன் கையில் கொடுங்கள். பிறகு வந்த இலவச அப்டேட் மூலம் மூல கேமிலும் சண்டையின்போது கிளாடியோலஸாக மாறி விளையாட முடிகிறது. அதற்குரிய திறனுக்குப் புள்ளிகளைச் செலவிட வேண்டும். நான் மற்றத் திறன்களையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு அதைத்தான் முதலில் வாங்கினேன். 10ஆவது அத்தியாயத்தின் ரயில் காட்சிக்குப் போவதற்கு முன் இவ்வளவையும் செய்துவிடுங்கள்.