நான்கு வாரம் எரிந்த திருவருகைக் கால மெழுகுதிரி வளையம்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளைக் கொண்ட ஆயத்தக் காலமே திருவருகைக் காலம்; 2025இல் அது நவம்பர் 30 அன்று தொடங்கியது. அதற்கு முந்தின வாரம், பக்திப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் ஞாயிறுக்கு ஒரு திரியாகக் கூட்டி ஏற்றும் இந்த வளையத்தை 650 ரூபாய்க்கு வாங்கினேன். இரும்புக் கம்பி வட்டம், அதன்மேல் பிளாஸ்டிக் தழை, மூன்று ஊதா மெழுகுதிரிகள், இளஞ்சிவப்பில் ஒன்று, நடுவில் வைக்க வெள்ளையில் ஒன்று, செபங்கள் அச்சிட்ட ஒரு தாள் ஆகியவை பெட்டியில் இருந்தன. டிசம்பர் 24 வரை நாள்தோறும் குடும்பச் செபத்தின்போது 20 நிமிடம் ஏற்றிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

மெழுகுதிரிகளை நம்பி வாங்கலாம். புகை குறைவு, மின்விசிறியை நிறுத்திவிட்டால் மெழுகும் வழிவதில்லை. முதல் ஞாயிறன்று ஏற்றிய திரி 25 நாளும் எரிந்து, கடைசி மாலையில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் குறைந்திருந்தது. டிசம்பர் 7, 14, 21 ஆகிய ஞாயிறுகளில் சேர்ந்துகொண்ட மற்ற மூன்றும் ஒன்றைவிட ஒன்று உயரமாகப் படிக்கட்டுபோல நின்றன. காத்திருந்த நாள்களை இப்படிக் கண்ணால் அளந்து பார்த்தது எனக்கு இதுவே முதல் முறை. பேட்டரியில் எரியும் வளையங்களும் கடையில் இருந்தன; அவற்றை வாங்காதது நல்லதாயிற்று.

இரண்டாம் வாரமே நான்கையும் ஏற்றிவிடலாமே என்று என் மகள் கேட்டாள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களைப் பராமரித்த யோகான் ஹின்ரிச் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகரையும், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் இப்படித்தான் நச்சரித்தார்களாம். அவர் 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரிகளும் மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகளும் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். இதைச் சொன்னபின் அவளே தினமும் எண்ணத் தொடங்கிவிட்டாள்.

குறை செபத் தாளில் இருக்கிறது. இளஞ்சிவப்புத் திரியை நான்காம் ஞாயிறன்று ஏற்றுமாறு அதில் அச்சிட்டிருக்கிறார்கள். இது சிறு பிழை அன்று. ஊதா மனமாற்றத்தின் நிறம்; இளஞ்சிவப்பு மகிழ்ச்சியின் நிறம், மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. திருப்பலி வழிபாட்டில் மகிழ்ச்சிப் பாடலான வானவர் கீதம்கூட நிறுத்தி வைக்கப்படும் இக்காலத்தின் நடுவே, மூன்றாம் ஞாயிறன்று, ‘மகிழுங்கள், ஆண்டவர் அண்மையில் இருக்கிறார்’ என்று பிலிப்பி நகரத்துக் கிறிஸ்தவர்களுக்குத் திருத்தூதர் பவுல் எழுதியதைத் திருச்சபை நினைவூட்டுகிறது. பயணத்தின் பாதியைத் தாண்டியவருக்குக் கிடைக்கும் அந்த ஆறுதலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிட்டால், அந்த நிறத்துக்குப் பொருளே இல்லாமல் போய்விடுகிறது.

மற்றொன்று, முதல் வாரத்திலிருந்தே எல்லாச் செபங்களும் மாட்டுத் தொழுவத்துக் குழந்தையை மட்டுமே பேசுகின்றன. டிசம்பர் 16 வரை வழிபாடு, மாட்சியோடு மீண்டும் வரவிருக்கும் ஆண்டவரை நோக்கியே நம்மைத் திருப்புகிறது. 17ஆம் நாளிலிருந்துதான் இயேசு பிறந்த பெத்லகேமை நேராகப் பார்க்கிறோம். இந்த முறை முதல் ஞாயிறன்று வாசிக்கப்பட்ட மத்தேயு நற்செய்திப் பகுதியே, ஆண்டவர் வரும் நாள் நமக்குத் தெரியாது, ஆகவே விழிப்பாயிருங்கள் என்று சொல்கிறது. இந்த விழிப்பு இல்லாமல் குடில் கட்டுவதும் கேக் சுடுவதும் மட்டும் ஆயத்தமாகிவிடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே தாளை மடித்து வைத்துவிட்டு, அன்றன்றைய வாசகத்தையே படித்தோம்.

பிளாஸ்டிக் தழை ஆபத்தானது. மூன்றாம் வாரத்தில், முதலில் ஏற்றிய திரியின் சுடர் தாழ்ந்தபோது கருகும் வாடை வந்தது. உடனே அதை அகற்றிவிட்டுப் பச்சைச் சவுக்குக் கிளைகளைச் சுடர் படாதபடி தாழ்வாகச் சுற்றி, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினேன். கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து ஏற்றிய வெள்ளைத் திரி தாங்கியில் சரியாக நிற்காததால், அடியில் மெழுகு சொட்டி நிறுத்த வேண்டியிருந்தது.

அடுத்த திருவருகைக் காலம் 2026 நவம்பர் 29 அன்று தொடங்குகிறது. அதற்குள் கடைக்காரர் தாளைத் திருத்தி, தழையில்லாமல் விற்றால், உறவினர் வீடுகளுக்கும் சேர்த்து மூன்று பெட்டிகள் வாங்குவேன். அவரிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.