டகி சென்டர், போர்ட்லாண்ட்: அப்பா போனதுக்கப்புறம் என் பிள்ளைங்க போற இடம்

என் வீட்டுக்காரர் ஹார்ட் அட்டாக்ல தவறினப்போ பையனுக்கு 8 வயசு, பொண்ணுக்கு 5. ஊர்ல காரியமெல்லாம் முடிச்சுட்டு இங்க அமெரிக்கால போர்ட்லாண்ட் பக்கத்துல இருக்குற ஹில்ஸ்பரோ திரும்பி வந்தோம், அதுவரைக்கும் சின்னவகிட்ட யாருமே நேரா சொல்லல, சாமி கூப்பிட்டுக்கிச்சுன்னு தான் எல்லாரும் சொன்னாங்க. இங்க வந்தப்புறம் கோயில் வாசல்லயே உக்காந்துக்கிட்டு உள்ள வரமாட்டேன்னு அழுவா. அடுத்து அம்மாவ கூப்பிட்டுக்கிடும்னு பயந்திருக்கா பாவம், எனக்கு அது புரியவே மூணு வாரமாச்சு. பெரியவன் அழவே இல்ல, ஸ்கூல்ல அடிதடி தான்.

ஆபீஸ்ல ஒரு அக்கா சொல்லி தான் டகி சென்டர் தெரியும். மனநல ட்ரீட்மென்ட்டோன்னு முதல்ல தயங்குனேன், அது இல்லங்க. அப்பாவையோ அம்மாவையோ கூடப்பொறந்தவங்களையோ பறிகொடுத்த பிள்ளைங்க ஒண்ணா உக்காந்து பேசுறது, விளையாடுறது, அவ்ளோதான். வயசு வாரியா, யாரு இறந்தாங்க எப்படி இறந்தாங்கன்னு பார்த்து குரூப் பிரிக்கிறாங்க, நோயில போனவங்க, தற்கொலை, கொலைன்னு தனித்தனியாவே இருக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை, காசு எதுவும் கிடையாது, இத்தனை மாசத்துல முடிச்சுக்கணும்னும் இல்ல.

உள்ள போனதும் வட்டமா உக்கார வெப்பாங்க. ஒரு குச்சி கை மாறிட்டே வரும், வாங்குறவங்க பேரு, வயசு, யாரு செத்தாங்க, எப்படின்னு சொல்லணும். இஷ்டமில்லன்னா பாஸ்னு சொல்லி அடுத்தவங்ககிட்ட குடுத்துடலாம், ஏன்னு யாரும் கேக்கமாட்டாங்க. என் பையன் ரொம்ப நாள் பாஸ் தான். அப்புறம் விளையாட்டு, படம் வரையலாம், மணல்ல விளையாடலாம், ஆஸ்பத்திரி மாதிரியே ஒரு ரூம் இருக்கு. அவனுக்கு புடிச்சது எரிமலை ரூம், சுத்தி மெத்தை போட்டிருக்கும், குத்தலாம் கத்தலாம் உருண்டு புரளலாம். கூட இருக்குற வாலண்டியர்ஸ் அழாதன்னும் சொல்லமாட்டாங்க புத்திமதியும் சொல்லமாட்டாங்க, பிள்ளை என்ன சொல்லுதோ அதையே திருப்பி சொல்லி கூடவே இருப்பாங்க. நம்மாளுங்களுக்கு இது ரொம்ப கஷ்டம், எனக்கும் கஷ்டமா தான் இருந்துச்சு. அதே நேரத்துல இன்னொரு ரூம்ல பெரியவங்களுக்கும் குரூப் உண்டு.

ஒருநாள் 26ம் நம்பர் ஹைவேல டனல்கிட்ட ட்ராஃபிக்ல நிக்கிறோம், பின் சீட்லருந்து பெரியவன் சொல்றான், "அம்மா, அந்த பையனோட அப்பாவும் பாத்ரூம்லதான் விழுந்தாராம், அவனும் கதவ தட்டிக்கிட்டே இருந்தானாம்". இவன் கதவ தட்டுனதே எனக்கு அன்னிக்கு தான் தெரியும். வீட்ல எத்தனை பேரு எத்தனை தடவை கேட்டோம், எங்க யார்கிட்டயும் சொல்லலயே.

இந்த சென்டருக்கு டகின்னு பேரு வந்ததும் ஒரு பையனால தான். டகிங்கிற பையன், மூளையில கட்டி, 13 வயசுல இறந்துட்டான். அதுக்கு முன்னாடி 9 வயசுல, பிள்ளைங்க ஏன் சாகணும்னு சாவப் பத்தி புத்தகம் எழுதுன எலிசபெத் கூப்ளர் ராஸ் டாக்டருக்கு லெட்டர் போட்டிருக்கான், அவங்களும் பொறுமையா படம் வரைஞ்சு பதில் எழுதுனாங்க. போர்ட்லாண்ட்ல அவன பார்த்த பெவர்லி சாப்பல்ங்கிற நர்ஸ் 1982ல ஆரம்பிச்சாங்க. 1995 பூகம்பத்துல அப்பா அம்மாவ இழந்த பிள்ளைங்களுக்காக ஜப்பான்ல கோபேல கட்டின ரெயின்போ ஹவுஸும் இதப் பார்த்து கட்டுனதுதான்.

முதல் திதிக்கு அத்தை திருநெல்வேலியிலருந்து வந்திருந்தாங்க. சாப்பிட்டு முடிச்சதும் சின்னவ ஒரு கரண்டிய எடுத்து, தன் பேர சொல்லிட்டு, "6 வயசு, எங்க அப்பா செத்துட்டாரு, ஹார்ட் நின்னு போச்சு"ன்னு சொல்லிட்டு கரண்டிய பாட்டி கையில குடுத்தா. நான் பதறிட்டேன். அத்தை கொஞ்ச நேரம் கையிலயே வெச்சிருந்தாங்க. "பாட்டி, பாஸ் சொல்லலாம்"னா. "பாஸ்"னாங்க அத்தை.

ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பக்கம் யாருக்காவது தனியா போக தயக்கமா இருந்தா சொல்லுங்க, என் கார்ல இடம் இருக்கு.