ஆட்சென்ஸா, மீடியாவைனா? ஆர்பிஎம் பாதிக் கணக்குதான்

இணையதளத்தில் விளம்பரம் வைத்துச் சம்பாதிக்க கூகுளின் ஆட்சென்ஸா, தகுதி பார்த்துச் சேர்க்கும் மீடியாவைன் என்ற விளம்பர நெட்வொர்க்கா? முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீடியாவைன் கேட்கும் தகுதி வரம்பைத் தொட்ட தளம் என்றால் மீடியாவைன். தொடவில்லையா, ஆட்சென்ஸிலேயே இருந்து அதை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நெட்வொர்க்குகளுக்குத் தாவித் தாவிப் போனால் பெரும்பாலும் வேலைதான் கூடும்.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஆட்சென்ஸுக்கு வருகை வரம்பு கிடையாது. 100 டாலர் சேர்ந்துவிட்டால் அடுத்த மாதம் 21 முதல் 26 தேதிக்குள் பணம் வரும். 2024 முதல் கிளிக்குக்குப் பதில் விளம்பரம் காட்டப்பட்டதற்கே கணக்கு. கூகுள் வழியாக வரும் விளம்பரத்தில் உங்கள் பங்கு ஏறத்தாழ 68 சதவீதம். மீடியாவைன் 75 சதவீதம் தருகிறது, ஆனால் வேறு டிஸ்ப்ளே நெட்வொர்க்கைக் கூடவே வைத்துக்கொள்ள விடாது. அங்கே வருமானம் கூடுவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பங்கு வித்தியாசம் அல்ல, ஹெடர் பிட்டிங். அதாவது ஒரே விளம்பர இடத்துக்குப் பல எக்ஸ்சேஞ்சுகள் (விளம்பர ஏலச் சந்தைகள்) ஒரே நேரத்தில் விலை கேட்கின்றன. கூகுளும் அதில் ஒரு போட்டியாளர்தான்.

மாறலாமா வேண்டாமா என்பதை ஒரே எண் தீர்மானிக்கும்: ஆயிரம் செஷனுக்குக் கையில் வருவது எவ்வளவு. ஒருவர் ஒருமுறை தளத்துக்குள் வந்து எத்தனை பக்கம் பார்த்தாலும் அது ஒரு செஷன். ஆர்பிஎம் என்பது ஆயிரத்துக்கு எவ்வளவு வருமானம் என்ற கணக்கு. ஆட்சென்ஸ் காட்டுவது பக்க ஆர்பிஎம், அதாவது ஆயிரம் பக்கப் பார்வைக்கு. மீடியாவைன் முன்னிறுத்துவது செஷன் ஆர்பிஎம். ஈசோயிக் என்ற இன்னொரு நெட்வொர்க் பேசுவது ஆயிரம் வருகைக்கான வருமானம். "அங்கே 12, இங்கே 5" என்று ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பரவசப்படுபவர்கள் பெரும்பாலும் வெவ்வேறு அலகுகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். விளம்பரத்தைத் திணித்த தளத்தில் பக்க ஆர்பிஎம் 8 டாலர். எரிச்சலில் ஆட்கள் கிளம்பிவிடுவதால் செஷனுக்கு 1.2 பக்கம். ஆயிரம் செஷனுக்கு 9.60. அளவாக வைத்த தளத்தில் பக்க ஆர்பிஎம் 6 டாலர்தான், செஷனுக்கு 1.8 பக்கம். ஆயிரம் செஷனுக்கு 10.80. ஆர்பிஎம் குறைந்த தளத்துக்குத்தான் பணம் அதிகம்.

எண்ணை எடுப்பதும் எளிது. 28 நாள் மொத்த வருமானத்தை, வருகையைக் கணக்கெடுக்கும் அனலிட்டிக்ஸில் உள்ள செஷன் எண்ணிக்கையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள். 28 நாள் என்றால் முழு நான்கு வாரம். வார இறுதிச் சரிவு இரு பக்கமும் சமமாக விழும். நாள்வாரியாக ஒப்பிட வேண்டாம். மாற்றாமல் விட்டால் ஆட்சென்ஸ் அறிக்கை பசிபிக் நேரப்படி ஓடும், அனலிட்டிக்ஸ் நீங்கள் வைத்த நேரப்படி.

அதைவிடப் பெரிய பொறி பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை விளம்பரதாரர்கள் ஆண்டு பட்ஜெட்டைக் கொட்டுவார்கள், ஜனவரியில் கையை இறுக்குவார்கள். அக்டோபரில் மாறியவர் புது நெட்வொர்க்கைக் கொண்டாடுவார், ஜனவரியில் மாறியவர் திட்டுவார். இரண்டுமே நெட்வொர்க்கைப் பற்றிய தகவல் அல்ல. போன ஆண்டு அதே மாதங்களில் ஆட்சென்ஸ் எத்தனை சதவீதம் ஏறி இறங்கியது என்று பார்த்து, அந்த அளவைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பணம் கைக்கு வரும் தேதியையும் பாருங்கள். மீடியாவைன் மாதம் முடிந்து 65 நாளில் தரும். பிப்ரவரி 1 அன்று மாறினால் ஜனவரிக்கான ஆட்சென்ஸ் பணம் பிப்ரவரி கடைசியில் வந்துவிடும். பிப்ரவரி வருமானம் மே முதல் வாரத்தில்தான். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் வறட்சி. சர்வர் கட்டணத்துக்கு முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாறும்போது சிக்கல் வரும் இடங்கள் வழக்கமானவைதான். பழைய ஆட்சென்ஸ் நிரல் தீமில், விட்ஜெட்டில், பழைய கட்டுரைகளின் உள்ளே என்று மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும், மூன்றிலும் அகற்றுங்கள். உங்கள் விளம்பர இடத்தை யார் விற்கலாம் என்று பட்டியலிடும் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி (ads.txt) கோப்பு, டொமைன் பெயருக்கு நேர் பின்னால் /ads.txt என்று போட்டால் திறக்க வேண்டும், முன்பு சேமித்து வைத்த பழைய நகல் வரக்கூடாது. அதில் விற்பவரின் பெயர்ப் பதிவு இல்லையென்றால் பல ஏலதாரர்கள் விலையே கேட்கமாட்டார்கள். விளம்பரம் வந்து விழும்போது எழுத்து கீழே குதித்தால் பக்கம் குதிப்பதை அளக்கும் சிஎல்எஸ் எண் 0.1 என்ற நல்ல எல்லையைத் தாண்டலாம், 300x250 இடத்துக்குக் குறைந்தபட்ச உயரம் 250 பிக்சல் என்று முன்பே ஒதுக்கினால் தீர்ந்தது.

ராப்டிவ், 2023 வரை ஆட்திரைவ் என்று இருந்தது, மீடியாவைன் தரத்திலேயே வரும் இன்னொரு நெட்வொர்க். பணம் 45 நாளில். அதில் எனக்கு நேரடிப் பழக்கம் குறைவு என்பதால் தீர்ப்புச் சொல்லவில்லை. ஈசோயிக்கில் நேம்சர்வரையே, அதாவது உங்கள் டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் இடத்தையே, அவர்களிடம் மாற்றும் வழியும் உண்டு. விலகும் நாளில் அந்த அமைப்பை (டிஎன்எஸ்) பழையபடி திருப்பி, அது பரவும் வரை காத்திருக்க வேண்டும். அந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். பாப்அப் நெட்வொர்க்குகள் பேச்சுக்கே வேண்டாம். அத்துமீறும் விளம்பரம் உள்ள தளத்தில் எல்லா விளம்பரத்தையும் குரோம் வடிகட்டுவது 2019 ஜூலை முதல் உலகம் முழுக்க அமலில் இருக்கிறது.

மாறிய பிறகும் ஆட்சென்ஸ் கணக்கை மூடாதீர்கள். புதிய இடம் ஒத்துவராவிட்டால், ஆட்சென்ஸ் நிரலை மீண்டும் ஒட்டிவிட்டுத் திரும்பிவிடலாம்.