இல்லாத பித்தப்பையில் கல் இல்லையாம்

கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரிகளின் வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமிக்கு வயிற்று ஸ்கான் எடுக்கச் சொல்லி டொக்டர் துண்டு எழுதித் தந்தது திங்கள் பின்னேரம். செவ்வாய் காலை வெறுவயிற்றோடு போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ரிப்போட்டும் கையுமாக வெள்ளவத்தைக்குத் திரும்பிவிட்டோம். ரொறன்ரோவில் ரிப்போட் பெரும்பாலும் முதலில் டொக்டருக்குத்தான் போகும். அவர் கூப்பிடும்வரை காத்துக்கிடப்பவர்கள் பலர்.

சிக்கல் என்வலப்பைப் பிரித்த பிறகுதான். மாமி இளைப்பாறிய இங்கிலிஷ் ரீச்சர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக வாசித்தவ, "தம்பி, என்ர பித்தப்பையில கல் ஒண்டும் இல்லையாம். சுவரும் நல்லா இருக்காம்" என்றா. மாமியின் பித்தப்பையை 2014 இல் வெட்டி எடுத்தாச்சு. "வெட்டினது திரும்ப முளைச்சிட்டுதோ?"

போய் விசாரித்தேன். ஸ்கான் அறையில் டொக்டர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒரு பிள்ளை கொம்பியூட்டரில் அடிக்கிறா. திறப்பது வெறும் பக்கமல்ல, ஏற்கெனவே நிரப்பி வைத்த படிவம். ஈரல், பித்தப்பை, கணையம், மண்ணீரல், சிறுநீரகம் எல்லாமே அதில் 'நோர்மல்'. டொக்டர் வேறு ஏதும் சொன்னால் அந்த வரியை மட்டும் மாற்றுவா. ஈரலில் கொழுப்பு என்றார், மாற்றினா. இல்லாத பித்தப்பையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. பழைய வரி அப்படியே அச்சாகிவிட்டது.

அதற்காகப் படிவமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மச்சாளின் மெமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ரிப்போட்டும் கொழும்பில் எடுத்ததுதான், முடிவில் பைரட்ஸ் 2 என்று இருந்தது. மார்பகப் படத்தின் முடிவை எல்லாரும் ஒரே மாதிரி எண்ணால் எழுத அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 1993 இல் கொண்டுவந்த முறை இது. 0 என்றால் இன்னும் படம் எடுக்க வேண்டும். 2 என்றால் பயமில்லாத மாற்றம். 3 என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை, 6 மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். 4 என்றால் சந்தேகம், ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். இப்படி 6 வரை போகும். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வாசித்தாலும் ரொறன்ரோவில் வாசித்தாலும் அர்த்தம் ஒன்றுதான். 'பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் நிச்சயமாகச் சொல்வதற்கில்லை' என்று இழுக்கிற பந்திகளை வாசித்து மண்டை காய்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வினை, முன்கூட்டியே போட்டு வைக்கிற அந்த 'நோர்மலில்' இருக்கிறது. கட்டம் வெறுமையாக இருந்தால், விட்டுப்போனது விட்டுப்போனதாகவே கிடக்கும், வாசிக்கிறவர் ஏன் என்று கேட்பார். நிரப்பிய கட்டமோ பார்க்காததையும் பார்த்ததாகச் சொல்லும். பித்தப்பை என்றபடியால் மாமி பிடித்தா. கணையத்தை ஆர் பிடிப்பது?

ஸ்கான் டொக்டர் சாட்டுச் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். முதல் ரிப்போட்டை அழிக்காமல், திகதியும் நேரமும் போட்டுத் திருத்தத்தைக் கீழே சேர்த்துக் கையெழுத்து வைத்தார். காசும் கேட்கவில்லை. ஆனால் நாங்கள் கொண்டுபோன துண்டையும் எடுத்துக் காட்டினார்: 'வயிற்று நோ' என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. ஒப்பரேஷன் விபரமெல்லாம் மாமியின் பழைய டயக்னோசிஸ் கார்டில், அதாவது ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது தந்த அட்டையில், இருக்கிறது, அது அலுமாரிக்குள். ஸ்கானுக்குப் போகிறவர்கள் அதையும் கொண்டுபோங்கோ. கவுண்டரில் கேட்க மாட்டினம், நீங்களாகத்தான் நீட்ட வேணும்.