எம்எஸ் ஆபீஸுக்குச் சந்தா கட்டலாமா, லிப்ரே ஆபீஸே போதுமா?

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அதே நாளில் ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 இரண்டுக்கும் ஆதரவு முடிந்துபோனது பலருக்குத் தெரியாது. இனி வருஷா வருஷம் ஆபீஸின் சந்தா வடிவமான மைக்ரோசாப்ட் 365-க்குக் காசு கட்டுவதா, இல்லை இலவச லிப்ரே ஆபீஸுக்கு மாறிவிடுவதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேர்டுக்காகக் காசு கொடுக்காதீர்கள், எக்செல்லுக்காக என்றால் யோசித்துக் கொடுங்கள்.

எக்செல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். லிப்ரே ஆபீஸின் கால்க் இப்போது ரொம்பவே முன்னேறிவிட்டது. இரண்டிலும் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிசைகள், எக்ஸ்லுக்கப் (XLOOKUP), ஃபில்டர் (FILTER), சார்ட் (SORT) மாதிரியான புது ஃபார்முலாக்களும் 2024 ஆகஸ்டில் வந்த லிப்ரே ஆபீஸ் 24.8 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டன. வீட்டுக் கணக்கு, கடை இருப்பு, மார்க் பட்டியல், சீட்டுக் கணக்கு எதற்கும் இது தாராளம். ஆனால் பெரிய தரவுகளைத் திரட்டி அலச எக்செல்லில் இருக்கிற பவர் குவெரி, பவர் பிவட் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு கால்க்கில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. அதைவிட முக்கியம் மேக்ரோ, அதாவது ஃபைலுக்குள்ளேயே எழுதிவைத்து வேலையைத் தானாகச் செய்யவைக்கும் சின்ன நிரல். எக்செல்லின் விபிஏ மொழியில் எழுதிய மேக்ரோக்களில் எளிமையானவை கால்க்கில் ஓடும், சிக்கலானவை பாதியில் நின்றுவிடும். ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான ஜிஎஸ்டிஆர்-9 ஆஃப்லைன் டூல் மாதிரி அரசாங்கமே தருகிற சில ஃபைல்கள் எக்செல் மேக்ரோவை நம்பித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. ஆடிட்டர் ஆபீஸிலோ வரி ஃபைலிங் வேலையிலோ இருக்கிறவர் லிப்ரே ஆபீஸை மட்டும் வைத்துக்கொண்டு கடைசித் தேதி நெருக்கத்தில் மல்லுக்கட்டக் கூடாது, அங்கே காசைச் செலவழிப்பதுதான் சரி.

எழுத்து வேலைக்கு வந்தால் நிலைமை நேர்மாறு. லிப்ரே ஆபீஸ் ரைட்டர் எனக்கு வேர்டைவிடப் பிடிக்கும், குறிப்பாகத் தமிழுக்கு. ஒரே பத்தியில் தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தால் இரண்டுக்கும் தனித்தனி எழுத்துரு, தனித்தனி அளவு என்று ஸ்டைலிலேயே வைத்துவிடலாம். தமிழ் எழுத்து அதே அளவில் ஆங்கிலத்தைவிடப் பெரிதாகத் தெரியும் இல்லையா, தமிழுக்கு 11, ஆங்கிலத்துக்கு 12 என்று ஒருமுறை வைத்துவிட்டால் முந்நூறு பக்கத்துக்கும் அதுவே போதும். அப்புறம் பழைய ஃபைல்களைத் திறப்பதில் இதற்கு இருக்கிற பொறுமை. நம் ஊர் டிடிபி சென்டர்கள் காலங்காலமாக பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்துவைத்த வேலைகள் எத்தனை சிடிக்களில் தூங்குகின்றன! லிப்ரே ஆபீஸ் பேஜ்மேக்கர் 6, 7 ஃபைல்களைத் திறக்கும், பழைய கோரல்டிரா ஃபைல்களையும் திறக்கும். அதில் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு உங்கள் கணினியில் இருக்க வேண்டும், வடிவமைப்பு கொஞ்சம் கலைந்தும் வரலாம், ஆனாலும் உள்ளே இருப்பதை மீட்டுவிடலாம். அதே மாதிரி வடிவமைப்பு மென்பொருளான மைக்ரோசாப்ட் பப்ளிஷரை 2026 அக்டோபரோடு நிறுத்தப்போகிறார்கள், அந்த ஃபைல்களையும் இது திறந்து காட்டும்.

தொல்லை வருவது ஃபைலைக் கைமாற்றும்போது. நீங்கள் ரைட்டரில் அழகாக அமைத்து அனுப்பியது எதிராளியின் வேர்டில் ஒரு பக்கம் கூடித் தெரியும், அட்டவணை நகர்ந்திருக்கும். பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். வேர்டின் காலிப்ரி எழுத்துருவுக்குப் பதிலாக அதே அகலமுள்ள கார்லிட்டோவை லிப்ரே ஆபீஸ் கூடவே தருவதால் ஆங்கிலம் அவ்வளவாகக் கலையாது. தமிழில் விண்டோஸ் எழுத்துருக்களான லதாவோ நிர்மலாவோ போட்டு எழுதிய ஃபைலை லினக்ஸ் கணினியில் திறந்தால் அந்த எழுத்துருவே அங்கே இருக்காது, வேறொன்று வந்து உட்கார்ந்து வரிகளெல்லாம் இடம் மாறிவிடும். இரண்டு பக்கமும் நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவிக்கொள்ளுங்கள், அல்லது எழுத்துருவை ஃபைலுக்குள்ளேயே பதிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். படிக்க மட்டும் அனுப்புவதென்றால் பிடிஎஃப்பே போதும்.

செலவு விஷயம். 2025 ஜனவரியில் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்துவிட்டு மைக்ரோசாப்ட் 365 விலையை ஏற்றினார்கள், அமெரிக்காவில் ஆண்டுக்கு 69.99 டாலராக இருந்த பெர்சனல் சந்தா 99.99 ஆனது. கோபைலட் இல்லாத பழைய திட்டம் தொடர்ந்து இருந்தும், சந்தாவை ரத்து செய்யப் போனால்தான் அது கண்ணில் படும்படி வைத்திருந்தார்கள் என்று ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வழக்கே போட்டது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம். கேட்காத ஒன்றைத் தலையில் கட்டி விலையை ஏற்றுவது எந்தக் கடையில் நடந்தாலும் தப்புதான். எக்செல் கட்டாயம் வேண்டும், சந்தா பிடிக்காது என்றால் ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் ஆபீஸ் 2024 இருக்கிறது, ஒரு கணினிக்கு, 2029 அக்டோபர் வரை அப்டேட் உண்டு. வீட்டில் நாலைந்து பேர் பயன்படுத்துவீர்கள் என்றால் ஃபேமிலி சந்தா மோசமில்லை, ஆறு பேர் வரை ஆளுக்கு 1 டிபி ஆன்லைன் சேமிப்பு இடம் கிடைக்கும்.

கணினி கடையில் 'ஆபீஸ் போட்டுத் தர்றேன்' என்று கிராக் செய்து ஏற்றிக் கொடுப்பார்களே, அதை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். காசு கட்டாமலே ஆபீஸை இயங்கவைக்கிற அந்த ஆக்டிவேட்டர் ஓடுவதற்காக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அதே கணினியில்தான் நீங்கள் வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள்.

நாலு பேர் ஒரே ஃபைலில் ஒரே நேரத்தில் வேலை செய்ய லிப்ரே ஆபீஸ் ஒத்துவராது, போனிலும் அது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதற்கு கூகுள் டாக்ஸ், அல்லது நம் சென்னைக்கார ஜோஹோவின் ரைட்டர், ஷீட். ஜோஹோ ரைட்டர் 2005-லிருந்தே இருக்கிறது, தனிநபருக்கு இலவசம், விளம்பரத் தொல்லையும் கிடையாது.

லிப்ரே ஆபீஸைத் தேடும்போது அப்பாச்சி ஓப்பன் ஆபீஸும் கண்ணில் படும். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான், ஆனால் 2010-ல் பிரிந்த பிறகு வளர்ந்தது லிப்ரே ஆபீஸ் மட்டுமே. அதை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவியதும் அமைப்புகளில் போய், சேமிக்கும் வடிவத்தை வேர்டின் வடிவமான டாக்எக்ஸ் (.docx) என்று மாற்றிவிடுங்கள், வேர்டு வைத்திருப்பவர்களோடு ஃபைல் பரிமாறுகிற ஆளாக இருந்தால்.